தலைகீழாகப் போன புரதமும் 21 சதவீதமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். படிகத்தில் எக்ஸ்-கதிரைச் செலுத்தி மூலக்கூறின் கட்டமைப்பைக் கண்டறியும் படிகவியலாளர்கள் தங்கள் தரவின் தரத்தைத் தாங்களே கிண்டலடித்துக்கொள்வது பற்றித் தங்கள் அறிவியல் பக்கத்தில் ஒரு குறிப்பு வந்திருந்தது. கிண்டல்களைச் சரியாகவே எடுத்துக் கொடுத்திருந்தார்கள். ஆனால், செய்கிறவர்களுக்கே நம்பிக்கை இல்லாத வேலை இது என்பதுபோல் முடித்திருந்தது உறுத்தியது. இந்தத் துறையில் வேலை செய்கிறவர்கள், கற்றுக்கொடுக்கிறவர்கள் என்ற முறையில் இதை எழுதுகிறோம். அந்தக் கிண்டல்கள் ஒவ்வொன்றும் ஏதோ ஓர் எண்ணைப் பற்றியவை. அந்த எண் எந்த இடத்தில் காலை வாரும் என்று தெரிந்தவர்களுக்குத்தான் அவை சிரிப்பு மூட்டும்.

முதலில் ஆர்-காரணி. படிகத்தின் மீது எக்ஸ்-கதிரைச் செலுத்தினால் உணர்கருவியில் ஆயிரக்கணக்கான புள்ளிகள் விழும். ஒவ்வொரு புள்ளியின் செறிவிலிருந்தும் ஒரு வீச்சு, அதாவது அலையின் உயரம், கிடைக்கும். நாம் கட்டிய அணு மாதிரி சரி என்றால் அதே புள்ளிக்கு என்ன வீச்சு வரவேண்டும் என்பதையும் கணக்கிடலாம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசங்களை எல்லாம் கூட்டி, அளந்த வீச்சுகளின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வருவது ஆர். புரதத்துக்கு 20 சதவீதத்தை ஒட்டி வந்தால் நிம்மதி. சிறு மூலக்கூறு என்றால் 5-க்குக் கீழே எதிர்பார்ப்பார்கள். அணுக்களைக் கண்ணை மூடிக்கொண்டு இறைத்துவிட்டால்கூட இது 100 ஆகிவிடாது. புரதப் படிகங்களில் சுமார் 59 சதவீதத்தில் நின்றுவிடும். இதை ஏ.ஜே.சி. வில்சன் 1950-லேயே கணக்கிட்டுக் காட்டிவிட்டார்.

1995-ல் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் கெரார்ட் கிளேவெக்ட், ஆல்வின் ஜோன்ஸ் இருவரும் வேண்டுமென்றே ஒரு விஷமம் செய்தார்கள். ரெட்டினாயிக் அமிலத்தைப் பிடித்துவைக்கும் ஒரு சிறு புரதத்தின் சரியான கட்டமைப்பு அவர்கள் கையில் இருந்தது. அதன் சங்கிலியைத் தலைகீழாக, வால் இருக்கும் இடத்தில் தலையும் தலை இருக்கும் இடத்தில் வாலுமாக, எலெக்ட்ரான் அடர்த்தி வரைபடத்துக்குள் நுழைத்தார்கள். ஓர் அமினோ அமிலம்கூட அதன் இடத்தில் இல்லை. பிறகு அந்த மாதிரியைத் தரவோடு பொருந்தும்படி கணினியில் சீராக்கினார்கள், குறைந்த பிரிதிறன் (நுணுக்கம் குறைந்த) தரவுக்குத் தாங்காத அளவு சுதந்திரம் கொடுத்து. ஆர் 21.4 சதவீதத்துக்கு இறங்கி வந்தது. அந்த எண்ணை மட்டும் பார்க்கும் நடுவர் யாராக இருந்தாலும் கட்டுரையை அனுமதித்திருப்பார். ஆனால் சீராக்கும்போது காட்டாமல் ஒதுக்கிவைத்த புள்ளிகளுக்கு மட்டும் கணக்கிட்ட ஆர், அதாவது ஆர்-ஃப்ரீ, 61.7 சதவீதம். அணுக்களை இறைத்திருந்தால் வந்திருக்கும் எண்ணைவிட மோசம்! ஒரு நல்ல பத்திரிகையில் அச்சான இந்தக் குறும்பைத்தான் இன்றும் முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுக்கிறோம்.

எப்படி நடந்தது என்பதற்குக் கணக்கு எளிது. 15 கிலோடால்டன் எடையுள்ள ஒரு புரதத்தில் ஹைட்ரஜனை விட்டால் ஆயிரத்துச் சொச்சம் அணுக்கள். ஓர் அணுவுக்கு இடத்தைக் குறிக்க மூன்று எண்கள், அதிர்வைக் குறிக்க ஒன்று. ஆக, நாலாயிரத்துக்கும் மேற்பட்ட மாறிகள். பாதிக்குப் பாதி தண்ணீர் உள்ள சாதாரணப் படிகத்தில் 3 ஆங்ஸ்ட்ராம் பிரிதிறன் வரை (ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு; எண் சிறிதானால் நுணுக்கம் கூடும்) அளந்தால் தனித்த புள்ளிகள் சுமார் 2800-தான் கிடைக்கும். 2 ஆங்ஸ்ட்ராம் வரை போனால் சுமார் 9400. அதாவது 3 ஆங்ஸ்ட்ராமில் அளவீடுகளைவிட மாறிகள் அதிகம். பிணைப்பு நீளம், கோணம் இவற்றை வேதியியல் அறிவால் இறுக்கிப் பிடித்தால்தான் வண்டி ஓடும். அந்தப் பிடியைத் தளர்த்தினால் எந்தத் தவறான மாதிரியும் எந்தத் தரவுக்கும் பொருந்திக்காட்டும்.

ஆர்-ஃப்ரீ என்பது 1992-ல் ஆக்ஸல் ப்ரூங்கர் கொண்டுவந்த முறை. புள்ளிகளில் 5 முதல் 10 சதவீதத்தைத் தொடக்கத்திலேயே தனியே எடுத்து வைத்துவிட வேண்டும். சீராக்கும்போது கணினி அவற்றைப் பார்க்கவே கூடாது. கடைசியில் அவற்றுக்கு மட்டும் ஆர் கணக்கிட வேண்டும். பிரிதிறனைப் பத்தால் வகுத்தால் ஆர்-ஃப்ரீ எவ்வளவு இருக்கலாம் என்று ஒரு கைக்கணக்கு உண்டு: 2 ஆங்ஸ்ட்ராமுக்கு 20 சதவீதம். ஆர்-ஃப்ரீக்கும் ஆருக்கும் இடைவெளி 5 புள்ளி அளவில் இருந்தால் சரி. 10 என்றால் மாதிரி தரவை மனப்பாடம் செய்திருக்கிறது என்று அர்த்தம்.

'ஃப்ரீ' என்ற பெயரை வைத்து ஓடும் கிண்டல்கள் எல்லாம் இந்த ஒதுக்கீடு எப்படிக் கசியும் என்பதைப் பற்றியவை. அதே படிக வகையில் இன்னொரு மருந்தை ஊறவைத்துப் புதுத் தரவு எடுக்கிறார்கள். பழைய மாதிரியில் தொடங்குகிறார்கள். ஆனால் ஒதுக்கிய புள்ளிகளைப் பழையபடியே வைக்காமல் புதிதாகக் குலுக்கிப் போடுகிறார்கள். அந்தப் புள்ளிகளைப் பழைய மாதிரி ஏற்கெனவே பார்த்துவிட்டது. முதல் சுற்றிலேயே ஆர்-ஃப்ரீயும் ஆரும் ஒன்றாக வந்து நிற்கும், செய்தவர் மகிழ்ந்துபோவார். இரட்டைப் படிகம் என்றால், ஒன்றோடொன்று கலந்த இரண்டு புள்ளிகளில் ஒன்று ஒதுக்கலிலும் மற்றது வேலையிலும் விழுந்துவிடும். ஒரே புரதம் பல பிரதிகளாக நிற்கும் படிகத்திலும் இந்தக் கசிவு உண்டு. அதற்கு ஒதுக்கலை மெல்லிய பிரிதிறன் அடுக்குகளாக எடுப்பார்கள். மொத்தமே 2800 புள்ளி இருக்கும்போது 5 சதவீதம் ஒதுக்கினால் 140-தான் தேறும்; அதில் வரும் ஆர்-ஃப்ரீ, மாதிரியில் எதுவும் மாறாமலே ஒன்றிரண்டு சதவீதம் இப்படியும் அப்படியும் ஆடும்.

இனி எங்கள் ஆட்கள் அதிகம் சிரிக்கும் எண்: ஆர்-மெர்ஜ். ஒரே புள்ளியையும் அதன் சமச்சீர் இணைகளையும் பலமுறை அளந்து, ஒவ்வொன்றும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பார்ப்பது. குறைவாக இருந்தால் தரவு நல்லது என்று நினைக்கத் தோன்றும். ஆர்-மெர்ஜைப் பூஜ்ஜியமாக்க வேண்டுமா, ஒவ்வொரு புள்ளியையும் ஒரே ஒரு முறை அளந்துவிட்டு வீட்டுக்குப் போ என்பது கிண்டல். வெறும் கிண்டல் இல்லை, சூத்திரப்படியே உண்மை. ஓர் அளவீடுதான் என்றால் அதுவேதான் சராசரி, விலகல் ஏது? இரண்டு முறை அளந்தால் உண்மையான சிதறலைச் சூத்திரம் 1.41 மடங்கு குறைத்துக் காட்டும். மூன்று முறை என்றால் 1.22 மடங்கு. பத்து முறை அளந்தால் இந்தப் பிழை 5 சதவீதம்தான். ஆக, அதிக முறை அளந்து சராசரியைத் துல்லியமாக்கியவருக்கு ஆர்-மெர்ஜ் கூடும், சோம்பேறிக்குக் குறையும். 1997-ல் காய் டீடெரிக்ஸும் ஆண்ட்ரூ கார்ப்ளஸும் இந்தக் குறையைத் திருத்தி ஆர்-மெஷரை முன்வைத்தார்கள். அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் நடுவர்கள் ஆர்-மெர்ஜையே கேட்டுக்கொண்டிருந்தார்கள். தரவை எடுத்தவர்களும் எண்ணை அழகாக்க, நுணுக்கமான விவரம் தந்தாலும் வலுக்குறைந்த வெளி அடுக்குப் புள்ளிகளை வெட்டிப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

வெட்டிப் போட்டது வீண் என்பதை அதே இருவர் 2012-ல் 'சயன்ஸ்' இதழில் காட்டினார்கள். ஒவ்வொரு புள்ளியின் அளவீடுகளையும் குலுக்கி இரண்டு பாதியாகப் பிரித்து, பாதிக்கொரு சராசரி எடுத்து, இரண்டுக்கும் ஒட்டுறவு பார்ப்பது அவர்கள் முறை. ஆய்வகத்தில் சிசி-ஹாஃப் என்போம். சமிக்ஞை இரைச்சலைப்போல இரண்டு மடங்கு இருக்கும் இடத்தில் தரவை வெட்டுவதுதான் அதுவரை வழக்கம். ஆனால் அந்த இடத்தில் சிசி-ஹாஃப் பெரும்பாலும் இன்னும் நன்றாகவே இருக்கும். வலுக்குறைந்த புள்ளிகளில் ஆர்-மெர்ஜ் 100 சதவீதத்தைத் தாண்டிப் பறப்பதற்குக் காரணம் தரவு குப்பை என்பதல்ல. வகுக்கும் எண்ணான சராசரிச் செறிவு பூஜ்ஜியத்தை நெருங்குகிறது, அவ்வளவுதான். எந்த இடத்தில் வெட்டுவது என்று சந்தேகம் வந்தால், 2.0 வரை ஒரு தடவையும் 1.9 வரை ஒரு தடவையும் மாதிரியைச் சீராக்கி, இரண்டையும் 2.0 வரையிலான புள்ளிகளில் ஒப்பிட வேண்டும். இரண்டாவதன் ஆர்-ஃப்ரீ குறைந்தால், கூடுதலாகச் சேர்த்த வலுவற்ற புள்ளிகள் வேலை செய்திருக்கின்றன.

இது வந்ததும் கிண்டல் மறுபக்கம் திரும்பியது. முன்பு தரவை வெட்டி ஆரை அழகாக்கினார்கள். இப்போது வெட்டாமல் விட்டுப் பிரிதிறனை அழகாக்குகிறார்கள். ஒரு திசையில் 1.9 ஆங்ஸ்ட்ராம் வரையும் இன்னொரு திசையில் 2.8 வரையும் மட்டுமே புள்ளி தரும் படிகங்கள் உண்டு. கட்டுரையின் தலைப்பில் 1.9 என்று போட்டுவிடுவார்கள். வெளி அடுக்கில் எத்தனை சதவீதப் புள்ளிகள் உண்மையில் அளக்கப்பட்டன என்ற வரி அட்டவணையின் கீழ்ப்பகுதியில் இருக்கும். பழக்கப்பட்டவர்கள் முதலில் அங்கேதான் போவார்கள்.

மாதிரி கட்டுகிற கட்டத்தில் வேறு வகைக் கேலிகள். தண்ணீர் ஊற்றினால் ஆர் குறையும் என்பார்கள். 2 ஆங்ஸ்ட்ராமில் ஓர் அமினோ அமிலத்துக்கு ஒரு தண்ணீர் மூலக்கூறு என்பது நியாயமான அளவு. 3 ஆங்ஸ்ட்ராமில் அதே எண்ணிக்கையைப் போட்டிருந்தால் இரைச்சல் மேட்டிலெல்லாம் நீரை வைத்து ஆரைக் குறைத்திருக்கிறார்கள். அடுத்தது, பி-காரணி 200 உள்ள அணு பக்கத்து அறையில் இருக்கிறது என்பது. பி என்பது சராசரி வர்க்க அலைவை எட்டு பை வர்க்கத்தால் பெருக்கியது. பி 80 என்றால் அலைவு 1 ஆங்ஸ்ட்ராம். 200 என்றால் 1.6 ஆங்ஸ்ட்ராம், அதாவது ஒரு கார்பன்-கார்பன் பிணைப்பின் நீளத்துக்கும் மேல். பக்கத்து அறை இல்லாவிட்டாலும் பக்கத்து அணுவின் இடம் நிச்சயம்.

இவற்றைவிட ஆபத்தானது மருந்து மூலக்கூறைப் பற்றிய கிண்டல், ஏனென்றால் இதில் பணமும் ஆசையும் சேர்ந்திருக்கின்றன. 'கூட்' என்ற நிரலில் மவுஸ் சக்கரத்தை உருட்டினால் எலெக்ட்ரான் அடர்த்தி வரைபடத்தின் வெட்டுமட்டம் ஏறி இறங்கும். வழக்கமான வரைபடத்தை 1 சிக்மாவிலும் (சிக்மா என்பது வரைபடத்தின் ஏற்ற இறக்கத்தை அளக்கும் அலகு), அளந்ததற்கும் மாதிரிக்கும் உள்ள வித்தியாச வரைபடத்தை 3 சிக்மாவிலும் பார்ப்பது மரபு. அங்கே ஒன்றும் தெரியவில்லை என்றால் சக்கரத்தை இரண்டு சுற்று கீழே விட்டால் போதும், 0.5 சிக்மாவில் எதிர்பார்த்த மருந்து தரிசனம் கொடுத்துவிடும். அதே மட்டத்தில் புரதத்தைச் சுற்றியுள்ள வெட்டவெளியிலும் நாலைந்து மருந்து தெரியும், யாரும் அங்கே பார்ப்பதில்லை. பல சமயம் அந்தக் குழியில் இருப்பது படிகம் வளர்த்த கரைசலின் கிளிசராலோ சல்ஃபேட்டோ பாலிஎதிலீன் கிளைக்காலின் ஒரு துண்டோதான். சோதிக்க வழி இருக்கிறது: மருந்தை மாதிரியிலிருந்து எடுத்துவிட்டு மீண்டும் சீராக்கி, வித்தியாச வரைபடத்தில் அதன் வடிவம் தானாக எழுகிறதா என்று பார்ப்பது. வரைபடத்துக்கும் மருந்துக்கும் உள்ள ஒட்டுறவு 0.8-க்குக் கீழே என்றால் கேள்வி கேட்கத்தான் வேண்டும்.

எதிர்பார்த்தது எப்படித் தெரிந்துவிடுகிறது? எக்ஸ்-கதிர் அளவீட்டில் வீச்சு கிடைக்கும், அலைகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு முன்பின்னாக வருகின்றன என்று சொல்லும் கட்டம் தொலைந்துவிடும். அதை மாதிரியிலிருந்து கடன் வாங்குகிறோம். கெவின் கௌட்டன் இதைக் காட்ட ஒரு வாத்துப் படத்தையும் ஒரு பூனைப் படத்தையும் எடுத்துக்கொண்டார். வாத்தின் வீச்சுகளையும் பூனையின் கட்டங்களையும் சேர்த்து மறுபடி படமாக்கினால் தெரிவது பூனை. அளந்தது வாத்து, கண்ணில் படுவது நாம் போட்ட பூனை. தங்கள் வாசகர்களுக்கு ஒரே ஒரு படம் போட்டு விளக்க வேண்டுமானால் இதைப் போடலாம்.

சிறு மூலக்கூறுக்காரர்களுக்குத் தனியாக ஒரு வினைச்சொல்லே உண்டு: 'மார்ஷ் ஆவது'. அமெரிக்காவின் கால்டெக் நிறுவனத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் மார்ஷ், மற்றவர்கள் அச்சிட்ட கட்டமைப்புகளை எடுத்துப் பார்த்து, இதில் இன்னொரு சமச்சீர் இருக்கிறது, தவறான சமச்சீர்க் குழுவில் போட்டிருக்கிறீர்கள் என்று பல ஆண்டுகள் திருத்தி எழுதிக்கொண்டே இருந்தார். 'சிசி' என்ற சமச்சீர்க் குழுவில் (மேலே சொன்ன சிசி-ஹாஃப் வேறு) போட்டது உண்மையில் 'சி2/சி' என்ற குழுவாக இருப்பது அடிக்கடி நடப்பது. சமச்சீர் மையத்தைத் தவறவிட்டால் ஒன்றாக இருக்கவேண்டிய இரண்டு பிணைப்புகளில் ஒன்று நீண்டும் மற்றது குறுகியும் வரும். அணு அலைவைக் காட்டும் நீள்வட்டங்கள் சுருட்டுபோல் இழுபடும். ஆர் மட்டும் ஒழுங்காகவே இருக்கும். இப்போது பிளாட்டன் நிரல் இதைத் தானே தேடிவிடுகிறது. கட்டமைப்புக் கோப்பைச் சரிபார்க்கும் செக்சிஃப் சோதனையில் மிகக் கடுமையான 'ஏ' எச்சரிக்கை வந்தால் கட்டுரையை எழுதியவர்கள் பதில் எழுதியாக வேண்டும். "எங்களுக்குக் கிடைத்த நல்ல படிகம் இதுதான்" என்பது அங்கே வாடிக்கையான சப்பைக்கட்டு, அதை வைத்தும் சிரிப்பார்கள். மூலக்கூறின் வலக்கை, இடக்கையைச் சொல்லும் ஃப்ளாக் எண் 0.4 என்றும் அதன் பிழை 0.8 என்றும் அச்சான கட்டுரை கிடைத்தால் அன்றைக்குத் தேநீர் வேளை கலகலக்கும். எதுவுமே சொல்லாத எண்ணை நான்கு வரி எழுதி விளக்கியிருப்பார்கள்.

சிரிப்பு நின்றுபோகிற இடங்களும் உண்டு. படிகவியல் இதழான ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகாவின் ஈ பிரிவு, குறைந்தது 70 கட்டமைப்புகள் போலி என்று 2010-ன் தொடக்கத்தில் அறிவித்தது. ஒரே தரவை வைத்துக்கொண்டு உலோக அணு போன்று ஓரிரு அணுக்களை மட்டும் மாற்றி மாற்றிப் புதுச் சேர்மம் என்று அனுப்பியிருந்தார்கள். கனமான அணு இருக்கும் இடத்தில் இலேசான அணுவைப் போட்டால் அதன் நீள்வட்டம் சுருங்கும். இலேசானதன் இடத்தில் கனமானதைப் போட்டால் வீங்கும். அந்த வீக்கமும் சுருக்கமும்தான் காட்டிக்கொடுத்தன. 2006-ல் வெளியான, நோயெதிர்ப்பில் பங்குள்ள சி3பி புரதக் கட்டமைப்பில் படிக அடுக்குகள் ஒன்றையொன்று தொடவே இல்லை. எந்தப் புரதப் படிகத்திலும் தாழ்ந்த கோணப் புள்ளிகளில் தெரிந்தே தீரும் தண்ணீரின் பங்களிப்பும் இல்லை. அந்தரத்தில் நின்ற படிகம்! 2007-ல் மற்றவர்கள் இதைச் சுட்டிக்காட்ட, 2009-ல் பல்கலைக்கழக விசாரணை அதைப் போலி என்று கண்டது. இவை மோசடி. அதே 2006-ல் எம்எஸ்பிஏ போன்ற சவ்வுப் புரதங்கள் தொடர்பாக ஐந்து கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்ட கதை வேறு. ஆய்வகத்துக்குள் எழுதிய ஒரு சிறு நிரல் இரண்டு நெடுவரிசைகளை இடம் மாற்றிப் போட்டுவிட்டது. கட்டமைப்பின் கைத்தன்மை (வலக்கையா, இடக்கையா என்பது) புரண்டுவிட்டது. 4.5 ஆங்ஸ்ட்ராமில் சுருள்கள் வெறும் குழாயாகத்தான் தெரியும். வலச்சுருளா இடச்சுருளா என்று கண்ணால் பிடிக்க முடியாது.

இந்தத் தரப் பரிசோதனையில் சென்னைக்கு இருக்கும் பங்கைத் தங்கள் குறிப்பு தொடவே இல்லை. தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் என்ற புரதத்துக்கு 1950-களில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கொடுத்த மாதிரியில் சில அணுக்கள் மிக நெருங்கி நிற்கின்றன என்று பிரான்சிஸ் கிரிக் தரப்பு குறை சொன்னது. அணுக்கள் எவ்வளவுதான் நெருங்கலாம் என்று அதுவரை தெரிந்த படிகங்களையெல்லாம் ராமச்சந்திரன் அலசினார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோரோடு அவர் 1963-ல் வெளியிட்ட வரைபடம் அந்த அலசலின் மேல் எழுந்ததுதான். புரத முதுகெலும்பின் ஃபை, ப்சை என்ற இரண்டு திருப்புக் கோணங்களில் எவை சாத்தியம், எவை இல்லை என்று அது காட்டும். இன்று நல்ல கட்டமைப்பில் 98 சதவீதத்துக்கு மேல் விருப்பப் பகுதியில் விழவேண்டும். வெளியே நிற்பவை 0.2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. கிண்டல் அதையும் விட்டுவைக்கவில்லை. சீராக்கும்போதே இந்தக் கோணங்களைக் கட்டாயப்படுத்த நிரலில் ஒரு வசதி இருக்கிறது; அதைப் போட்டால் வரைபடம் பளிச்சென்று ஆகிவிடும். ஆனால் கேள்வித்தாளைக் கையில் கொடுத்துத் தேர்வு வைத்ததுபோல, அந்த மதிப்பெண்ணுக்குப் பிறகு அர்த்தமில்லை. அந்த வசதியைப் போட்டவர்கள் புள்ளிகள் விருப்பப் பகுதிக்குள் பரவியிருக்கும் விதம் இயல்பாக இருக்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும். அதற்கும் இப்போது ஓர் எண் வந்துவிட்டது.

தங்களிடம் ஒரு கோரிக்கை. புரதப் படம் எதை அச்சிட்டாலும் அதன் கீழே புரதத் தரவு வங்கியின் நான்கெழுத்துக் குறியீட்டையும் பிரிதிறனையும் போடுங்கள். ஒரு வரிதான் ஆகும். வாசகர் அந்தக் குறியீட்டை வங்கியின் தளத்தில் தட்டினால், எக்ஸ்-கதிரில் கண்ட கட்டமைப்பு என்றால், இடப்புறம் சிவப்பும் வலப்புறம் நீலமுமாகச் சில பட்டைகள் வரும்: ஆர்-ஃப்ரீ, அணுக்கள் மோதிக்கொள்ளும் அளவு, ராமச்சந்திரன் விலகல், பக்கச் சங்கிலி விலகல், அடர்த்தியோடு பொருந்தாதவை. கறுப்புக் குறி வங்கியில் உள்ள எக்ஸ்-கதிர்க் கட்டமைப்புகள் அனைத்தோடும் ஒப்பிட்டது. வெள்ளைக் குறி அதே பிரிதிறன் உள்ளவற்றோடு மட்டும் ஒப்பிட்டது. கறுப்பு சிவப்பிலும் வெள்ளை நீலத்திலும் இருந்தால், படிகம் சுமார்தான், வேலை செய்தவர் கெட்டிக்காரர் என்று கொள்ளலாம். இரண்டுமே சிவப்பில் ஒட்டிக்கொண்டிருந்தால் அந்தப் படத்தை அச்சிடுவதற்கு முன் யாரையாவது ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
படிகவியல் ஆசிரியர்கள், ஆய்வாளர்கள் சிலர்,
சென்னை